முப்பது டன் தாங்கும் தரை

1945 பிப்ரவரி 21, புதன்

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குள் ரயில்வேப் பட்டறையின் சக்கர லேத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். இது அநியாயம். முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் எவனாவது வந்து, போர்க்காலம், குழப்பம், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று மழுப்பக் கூடாது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

நான் ஆவுடையப்பன். வயது அறுபத்திரண்டு. மலாயாவில் இந்த ஊர்ப் பட்டறையில் முப்பத்தாறு வருடமாகப் பிட்டர். எனக்கு எவனும் எழுத்துச் சொல்லித்தரவில்லை. கடைப் பலகைகளைப் பார்த்துத் தமிழும், இஞ்சின் வரைபடங்களைப் பார்த்து இங்கிலீஷும் நானே கற்றேன். போர் முடிந்ததும் யாராவது ஒரு விசாரணை வைப்பார்கள். அன்றைக்கு மேசைமேல் போடுவதற்கு இது. நோட்டுப் புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. பட்டறையின் பழைய வேலை அட்டைகளின் முதுகில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பத்து நாளைக்கு முன்னால், ஞாயிறு காலை, வெள்ளைக்காரன் விமானங்கள் நாற்பதுக்கு மேல் வந்தன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உயரத்திலிருந்து குண்டு போட்டன. கொதிகலன் கூடம் போயிற்று. வார்ப்படக் கூடம் போயிற்று. இருபத்தாறு ஆட்கள் போனார்கள். சக்கர லேத் மட்டும் கீறல் இல்லாமல் நின்றது.

தேய்ந்துபோன இஞ்சின் சக்கரங்களைக் கடைந்து மறுபடி வட்டமாக்குவது அந்த லேத்தின் வேலை. இந்தப் பக்கத்தில் வேறு கிடையாது. அது நின்றால் ஆறு மாதத்தில் ரயில் நிற்கும். ரயில் நின்றால் ஜப்பான்காரனின் சிப்பாயும் தோட்டாவும் வடக்கே போகாது. இது எனக்குத் தெரியும். மேலே பறப்பவனுக்கும் தெரியும். பட்டறையை நடத்தும் ஜப்பான் அதிகாரி மொரிகாவாவுக்கும் தெரியும். அதனால் அவனுக்கு லேத்தை ஒளித்து வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. முப்பது டன் எடையைச் சும்மா எந்தத் தரையிலும் வைக்க முடியாது. பள்ளிக்கூடத் தரை தாங்கும். உருளைக் கட்டைகளைப் போட்டு, மூன்று நாள் இழுத்து, கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

என் மனைவி பிச்சம்மாள் மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள். "அப்படி என்னத்த எழுதுதிய? எழுதுனா இந்தக் கிழங்கு அரிசியா மாறிருமா?"

மாறாது. எழுதுவேன்.

பிப்ரவரி 22

லேத்தைச் சமன் பார்த்தேன். இரண்டு முனைக்கும் நடுவில் தலைமயிர் கனம்கூட வித்தியாசம் இல்லை. தரை அப்படி.

பிப்ரவரி 25, ஞாயிறு

இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவனுக்குப் புரியாது.

1931-இல், பட்டறைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் கேட்டோம். நிர்வாகம், லயத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைக் காட்டிவிட்டுக் கையை உதறிக்கொண்டது. சரி, நாங்களே கட்டுகிறோம் என்றேன். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள். எங்களில் கொத்தன் ஒருவனும் இல்லை. பிட்டர், கொல்லன், கொதிகலன்காரன், பெயிண்டர். எங்களுக்குத் தெரிந்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான், பட்டறை. ஆகவே பட்டறை மாதிரியே கட்டினோம். கூரையை ரம்பப் பல் மாதிரி மடித்து மடித்து, வடக்கு வெளிச்சம் விழும்படி வைத்தோம். கழித்துப்போட்ட தண்டவாளங்களைத் தூணாக நட்டோம். சரக்கு வண்டிக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டைக் கூரைக்கு அடித்தோம். தரைக்கு இரண்டடி கனம் கான்கிரீட், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பழைய தண்டவாளம். அந்தக் கலவையை நான்தான் நின்று போட்டேன். அஸ்திவாரம் இல்லாத வேலை எனக்கு ஆகாது.

திறப்பு விழாவுக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன், "இதில் பிள்ளைகள் படிக்குமா, இஞ்சின் படிக்குமா?" என்று சிரித்தான். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது.

இன்று பிலவேந்திரன் முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தான். அவன் என் சம்மட்டி ஆள். தூத்துக்குடிப் பக்கம். மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே மகள் ரீத்தம்மாள், எட்டு வயது, இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

"அண்ணாச்சி, மேலயிருந்து பார்த்தா பட்டறை ஒரு குட்டி போட்டிருக்கிற மாதிரில்லா தெரியும்" என்றான்.

"வாயை மூடுல" என்றேன்.

மொரிகாவாவின் உத்தரவு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் தொடர்ந்து நடக்க வேண்டும். நடுவில் பலகை அடித்து ஒரு பாதியில் லேத், மறு பாதியில் பிள்ளைகள். காலையில் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்று ஜப்பான் பாட்டுப் பாடி ஓடியாட வேண்டும். மேலேயிருந்து படம் பிடிக்கிறவனுக்கு அது பள்ளிக்கூடமாகத் தெரிய வேண்டும். வருகிற பிள்ளைக்கு மதியம் ஒரு கரண்டிச் சோறு. அரிசிச் சோறு. லயத்தில் அரிசியைக் கண்டு ஐந்து மாதமாகிறது. எந்தத் தாய் பிள்ளையை நிறுத்துவாள்?

வாத்தியார் வேலை பார்ப்பது என் மகள் செண்பகவல்லி. அவள் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு தகவலும் இல்லை.

பிப்ரவரி 28

கிராணியார் நமசிவாயத்தைப் பார்க்கப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸில் பேர் பதிகிறவர், மொரிகாவாவிடம் பேசக்கூடிய ஒரே தமிழர். லேத்தை எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லுங்கள் என்றேன்.

"என்னட்டை வந்து சொல்லி என்ன பிரயோசனம்? நான் பேர் பதியிற ஆள். பிள்ளையளின்ரை இடாப்பையும் என்னட்டைத்தான் தந்திருக்கினம். ஒரு பிள்ளை வரேல்லையெண்டா ஏனெண்டு நான்தான் எழுதிக் குடுக்கோணும்."

"நீங்க எழுதாம இருந்தா என்ன?"

"என்ரை தலை இருக்காது."

"முப்பத்தொரு பிள்ளைகள் தலை இருக்கே, கிராணியாரே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆவுடையப்பன், என்னோடை கோபிச்சு என்ன? மொரிகாவா வரைபடத்தை விரிச்சு, எந்த இடம் தாங்குமெண்டு கேட்டவர். இடத்தைக் காட்டினது ஆர்?"

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 1

மழை. லேத் ஓடியது. நான்கு சக்கரம்.

மார்ச் 3, சனி

காலை எட்டரை மணிக்கு ஒற்றை விமானம் வந்தது. ஜப்பான்காரன் கடிகாரத்துக்குப் பத்து மணி. அவன் எங்கள் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி மூன்று வருடமாகிறது. நான் திருப்பவில்லை. வெள்ளியாய் மின்னிக்கொண்டு, அவசரமில்லாமல், இரண்டு வட்டம் போட்டது. குண்டு போடவில்லை. படம் பிடிக்கிறது. முற்றத்தில் பிள்ளைகள் அதற்குக் கையாட்டின.

"இனி அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. பிள்ளைகள் நிக்கிறதப் பார்த்துட்டான். போட மாட்டான்" என்றான் பிலவேந்திரன்.

"அந்த உயரத்துலேருந்து பிள்ளை எள்ளு மாதிரி இருக்கும். கூரைதான் தெரியும்."

"அவன் மேப்புல பள்ளிக்கூடம்னு போட்டிருப்பான் அண்ணாச்சி. அவன் ஆண்ட ஊருதான."

"அவன் மேப்புல லயமே கிடையாது. எந்தக் காலத்துல போட்டான், இப்பம் போடுறதுக்கு?"

"அப்பம் அவன் வரக் கூடாதுங்கியளா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுதுகிறேன், விசாரணைக்காரர்கள் கவனிக்கட்டும். இந்தப் பட்டறை சாக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் மருமகனை ஏற்றிக்கொண்டு போன ரயிலின் சக்கரத்தை நான்தான் கடைந்தேன். அது நிற்க வேண்டும். குண்டு போடுகிற காரணத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. போடுகிற லட்சணத்தின்மேல்தான் கோபம். முதல் தடவை விழுந்த பள்ளங்களை நான் நடந்து பார்த்தேன். பத்துக் குண்டுக்கு நாலு பட்டறையில் விழுந்திருக்கிறது. மீதி ஆறு லயத்திலும் சந்தையிலும் ஆற்றிலும். நான் ஒரு சக்கரத்தை நூலிழை தவறிக் கடைந்தால் மேஸ்திரி என்னை வீட்டுக்கு அனுப்புவான். கால் மைல் தவறுகிறவனை யார் வீட்டுக்கு அனுப்புவது?

மார்ச் 6

செண்பகம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். கிராணியார் சொல்லியிருக்கிறார்.

"இடத்தக் காட்டினது நீங்களாப்பா?"

அவன் கேட்டான், நான் பதில் சொன்னேன் என்றேன்.

"என்ன கேட்டான்?"

மொரிகாவா ஓட்டை மலாய்தான் பேசுவான். வாளை உறையோடு வரைபடத்தின்மேல் பாரமாக வைத்துக்கொண்டு, முப்பது டன் தாங்கும் தரை இந்த வட்டாரத்தில் எங்கே இருக்கிறது என்று பட்டறையின் பழைய ஆட்களான எங்கள் ஐந்து பேரையும் வரிசையாகக் கேட்டான். மற்ற நாலு பேரும் தெரியாது என்றார்கள். அப்படி ஒரு தரையே கிடையாது, தமிழன் போட்ட தரை எல்லாம் வெறும் சேறு என்று அவன் சிரித்தான். நான் இருக்கிறது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"எனக்குத் தெரியும்போது தெரியாதுன்னு எப்படிச் சொல்ல?"

அவள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். பிச்சம்மாள் அடுப்படியிலிருந்து, "அவுகளுக்குத் தெரியாதுங்கிற வார்த்தையே வாயில வராதுளா. கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

வைத்தது மொரிகாவா. இழுத்தது அறுபது கூலிகள். நான் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

மார்ச் 9

காலையில் வெள்ளைக்காரன் விமானம் காகிதம் கொட்டியது. தொட்டால் தலை போகும் என்று ஜப்பான்காரன் உத்தரவு. தொடாதவன் லயத்தில் ஒருவனும் இல்லை. ஒன்று என்னிடமும் வந்தது. நான்கு மொழி. தமிழை, தமிழ் பேசியே பழகாத யாரோ எழுதியிருக்கிறான். ரயில் பட்டறைகள், பாலங்கள், எண்ணெய்த் தொட்டிகள் ஆகியவற்றின் அருகில் இருக்க வேண்டாம், நாங்கள் உங்கள் சினேகிதர்கள் என்று இருக்கிறது.

எங்கே போக வேண்டும் என்று அதில் இல்லை. எங்கள் வீட்டுப் பின்சுவர் பட்டறையின் முன்சுவர். காவல்காரனின் துப்பாக்கியைத் தாண்டி எங்கே போவது? சினேகிதனாம்.

மத்தியானம் வீடு வீடாகப் போனேன். பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்றேன். பதினேழு வீடு. சிலர் தலையாட்டினார்கள். உடையாள் மட்டும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் பள்ளிக்கூடம்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுல சோறு பொங்குதா?"

"இல்ல."

"எங்க வீட்டுலயும் இல்ல. அங்க ஒரு கரண்டி விழுது. குண்டு என்னைக்கோ வாரது. பசி தினம் வருது. மொதல்ல ஒங்க லேத்த எடுங்க, பொறவு நான் எம்புள்ளைகள நிறுத்துதேன்."

உங்க லேத்து. லயம் முழுக்க இப்படித்தான் சொல்கிறது போலிருக்கிறது.

மார்ச் 10

முப்பத்தொன்றும் வந்தன.

மார்ச் 12, திங்கள்

ஒரு விஷயம் எழுதுகிறேன். இந்த அட்டையை மட்டும் தனியாகக் கூரைத் தகட்டுக்குள் செருகி வைக்க வேண்டும்.

அந்த லேத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. இரண்டு கை விரித்தால் பிடிக்கிற அளவு. வார்ப்பிரும்பு. மோட்டாரின் வேகத்தைப் பெரிய தட்டுக்குக் கொண்டுபோவது அதுதான். அது உடைந்தால் லேத் முப்பது டன் கழிவிரும்பு. புதிதாக வார்க்க அச்சும் இல்லை, வார்ப்படக் கூடமும் இல்லை. லேத் செத்தால் பள்ளிக்கூடத்தில் அதற்கு வேலை இல்லை. வார்ப்பிரும்பை உடைப்பது பெரிய வித்தை அல்ல. மூடியைக் கழற்றி, உளியைப் பல்லின் அடியில் வைத்து, சம்மட்டியால் போட வேண்டும்.

நாற்பது விமானம் வந்து செய்ய முடியாததை ஒரு பிட்டர் செய்துவிடலாம்.

ஆனால் சும்மா செய்ய முடியாது. போன வருஷம் ஒருவன் அரத்தைத் தொலைத்ததற்கு அவனை இரண்டு நாள் வெயிலில் கட்டிப்போட்டார்கள். மூன்றாம் நாள் இறந்தான். இதற்கு வாள்தான். எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. பிச்சம்மாள் இருக்கிறாள், செண்பகம் இருக்கிறாள். இன்னொன்று, காவல்காரன் எப்போதும் வாசலில் நிற்கிறான். மூடியின் மறையாணி துருப்பிடித்திருக்கிறது, அதற்கு எண்ணெய் விட்டு ஊற வேண்டும். பிலவேந்திரனிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை.

1912-இல் இந்த லேத்தைப் பெட்டியிலிருந்து பிரித்து நிறுத்தியவன் நான். இதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 14

மறைக்கு எண்ணெய் விட்டேன். வெள்ளிக்கிழமை, காவல் மாறும் நேரம். முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 15

பிச்சம்மாள், "ஏன் ரெண்டு நாளா சாந்தமா இருக்கிய? ஒடம்புக்கு என்ன?" என்றாள்.

மார்ச் 16, வெள்ளி

இன்று முடியவில்லை. லேத்தில் ஒரு சோடிச் சக்கரம் ஏறியிருந்தது. ஒன்று கடைந்து முடிந்தது, மற்றது பாதியில் நின்றது. காவல் மாறும் நேரம் வந்தது. பாதிக் கடைசலில் விட்டுவிட்டு எழுந்திருக்க எனக்குக் கை வரவில்லை. முடித்துவிட்டுத் திரும்பினேன், புதிய காவல்காரன் வந்துவிட்டான். நல்ல கடைசல். இரண்டு சக்கரமும் ஒரே அளவு.

திங்கட்கிழமை செய்கிறேன். மூன்று நாளில் என்ன ஆகிவிடப்போகிறது?

மார்ச் 17, சனி

வந்தார்கள்.

மார்ச் 20, செவ்வாய்

மூன்று நாளாக எழுதவில்லை. இருந்தும் எழுத வேண்டும். பார்த்தவன் நான்.

மணி பத்தரை. அவர்கள் கடிகாரத்துக்குப் பன்னிரண்டு. சோற்று நேரம். பிள்ளைகள் தட்டோடு முற்றத்தில் வரிசை நின்றன. நானும் பிலவேந்திரனும் லேத்தில் இருந்தோம். சங்கு ஊதியது. உத்தரவுப்படி மோட்டாரை நிறுத்தினேன். ஆட்களுக்குப் பின்பக்கம் பதுங்கு குழி இருந்தது. பிள்ளைகளுக்கு வெட்டவில்லை. குழி தெரிந்தால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்காதாம்.

செண்பகம் பெரிய வடிகாலைக் காட்டிக் கத்தினாள். பாதிப் பிள்ளைகள் அவள் பின்னால் ஓடின. மீதிப் பிள்ளைகள் உள்ளே ஓடின. சோற்றுப் பானை உள்ளேதான் இருந்தது. வரிசையை விட்டால் சோறு போய்விடும் என்று பயம். அது மட்டும் இல்லை. இதையும் எழுதுகிறேன். எது வந்தாலும் பள்ளிக்கூடத்துக்குள் ஓடுங்கள், அந்தத் தரையும் தூணும் அசையாது என்று இந்தப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகச் சொல்லி வந்தவன் நான். வெள்ளம் வந்தபோது சொன்னேன். புயல் வந்தபோது சொன்னேன்.

நான் குழியில் இருந்தேன். பிலவேந்திரன் தலையைத் தூக்கிப் பார்த்து, "ரீத்தா உள்ள போறா" என்றான். எழுந்து ஓடினான். பத்தடிகூடப் போகவில்லை.

தரை அசையவில்லை. தூண் அசையவில்லை. கூரைதான் முழுசாக இறங்கியது.

பதினான்கு பிள்ளைகள். பெயர்களைத் தனி அட்டையில் எழுதி இதோடு கட்டியிருக்கிறேன். உடையாளின் இரண்டு பிள்ளைகள். ரீத்தம்மாள். அவளைத் தூக்கினபோது தட்டு கையிலேயே இருந்தது. பிலவேந்திரனுக்கு வலது காதும் தோளில் கொஞ்சம் சதையும் போயிற்று. உயிர் இருக்கிறது. செண்பகத்துக்குக் காயம் இல்லை. வடிகாலில் இருந்த பதினேழும் பிழைத்தன.

கூரைத் தகடுகளை விலக்கியபோது லேத் அப்படியே நின்றது. ஒரு கீறல் இல்லை.

மார்ச் 22

மொரிகாவா வந்து பார்த்தான். லேத்தைச் சுற்றி வந்து தட்டிக்கொடுத்தான். தார்ப்பாய் கட்டி, நாளை மறுநாள் ஓட்டச் சொன்னான். பெயர் அட்டையை நான் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். வாங்கவில்லை.

அவன் போனதும் மூடியைக் கழற்றினேன்; இடிந்த இடத்துக்கு இன்னும் காவல் போடவில்லை. மறை எண்ணெயில் நன்றாக ஊறி, கையாலேயே திரும்பியது. தோளில் கட்டோடு பிலவேந்திரன் வந்து நின்றான். உளியை எங்கே வைத்திருக்கிறேன் என்று பார்த்தான். ஒன்றும் கேட்காமல் இடது கையால் சம்மட்டியை எடுத்தான். நாலாவது அடியில் பல்சக்கரம் இரண்டாகப் பிளந்தது.

அவன் அதைக் காலால் புரட்டிப் பார்த்தான்.

"இம்புட்டுதானா அண்ணாச்சி?"

 அவன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 24

குண்டின் அதிர்ச்சியில் பல்சக்கரம் வெடித்துவிட்டது என்றேன். மொரிகாவா இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்த்தான். தலையை ஆட்டினான். அடுத்த கூடத்தைப் பார்க்கப் போய்விட்டான். வாளை எடுக்கவில்லை. கத்தக்கூட இல்லை.

மூடியைக் கழற்றியது முதல் அவன் போனதுவரை, என் பயம் எங்கே இருந்தது என்று தேடிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 2

செண்பகம் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். மூன்று மைல் தள்ளி ரப்பர் தோட்டத்தில், மரத்தடியில் பதினேழு பிள்ளைகளை வைத்து நடத்துகிறாள். அம்மாவை வரச் சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுக்கு மார்ச் 12, 14, 16 அட்டைகள் கிடைத்திருக்கின்றன. மூன்றையும் சேர்த்துக் கூரைத் தகட்டுக்குள் செருகியிருந்தேன். தகடு விழுந்தது, அட்டைகளும் விழுந்தன. எந்தக் கூரை என்று நான் முன்பு எழுதவில்லை. பள்ளிக்கூடக் கூரையில்தான் செருகியிருந்தேன். பாதுகாப்பான இடம் என்று நினைத்தேன்.

மே 19

ஒரு இஞ்சின் வந்து நின்றது. சக்கரம் தட்டையாகிவிட்டது. கடைய ஆள் இருக்கிறேன், லேத் இல்லை.

ஜூன் 30

மூன்று இஞ்சின்கள் நிற்கின்றன.

செப்டம்பர் 18

வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். கொடி, பாண்டு, பிஸ்கட். கிராணியார் நமசிவாயம் அதே நாற்காலியில் அதே பேனாவோடு இருக்கிறார்.

இன்று ஒரு இளம் இஞ்சினியர் பள்ளிக்கூட இடத்தைப் பார்க்க வந்தான். நல்லவன்தான். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். படப் பிரதி ஒன்று வைத்திருந்தான், மேலிருந்து பிடித்தது. அதில் பட்டறைக்குப் பக்கத்தில் ரம்பப் பல் கூரையோடு எங்கள் பள்ளிக்கூடம். சுற்றிலும் மையால் ஒரு வட்டம். முற்றத்தில் சில புள்ளிகள். இந்தப் புள்ளி என்ன என்று கேட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, பீப்பாய்களாக இருக்கலாம் என்றான்.

கையாட்டின பீப்பாய்கள் என்றேன். அவனுக்கு என் இங்கிலீஷ் புரியவில்லை.

அப்புறம் காலால் தரையைத் தட்டினான். குனிந்து மட்டம் பார்த்தான். வியந்து போனான். யார் போட்டது என்றான். பிரமாதமான தரை, புது லேத் கப்பலில் வருகிறது, அதை இங்கேயே நிறுத்தலாம், இது எத்தனை டன் தாங்கும் என்று என்னைக் கேட்டான்.

இந்த முறை, தெரியாது என்றேன்.

அதனால் இன்றே எழுதுகிறேன். விசாரணை வைப்பார்கள் என்று காத்திருந்தது போதும். அடுத்து என்ன நடக்க வேண்டும், யார் செய்ய வேண்டும் என்பது கீழே.

மொரிகாவா எந்தச் சிறையில் இருந்தாலும் அவனிடம் பதினான்கு பெயரையும் படித்துக்காட்ட வேண்டும். ஒவ்வொரு பெயரையும் அவன் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இதைச் செய்ய வேண்டியது அவனைப் பிடித்து வைத்திருக்கிறவர்கள்.

படத்தில் மை வட்டம் போட்டவன் யார் என்று விமானப் படை சொல்ல வேண்டும். புள்ளிகளைப் பார்த்தானா, பார்க்கவில்லையா என்று அவன் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்த்தேன், வேறு வழி இல்லை என்று அவன் எழுதினால் படித்துக்கொள்கிறேன். பீப்பாய் என்று எழுதக் கூடாது.

கிராணியார் அந்த இடாப்பைக் கொடுக்க வேண்டும். மார்ச் 17-ஆம் தேதிப் பக்கம் கிழிந்திருக்கக் கூடாது.

ரயில்வே நிர்வாகம் புது லேத்தைத் தன் சொந்தத் தரையில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தை வேறு இடத்தில், பட்டறைக்குத் தூரத்தில், வீடு மாதிரியான கூரையோடு அதுவே கட்ட வேண்டும். உடையாளின் மூன்றாவது பிள்ளைக்கு அதில் முதல் பெயர். சோறு போடுகிறோம் என்று யாரும் வரக் கூடாது. சோறு வீட்டில் இருக்க வேண்டும்.

செண்பகம் இந்த அட்டைகள் முழுவதையும் வாங்கி, தன்னிடம் உள்ள மூன்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நாளை பிச்சம்மாளிடம் கொடுத்துவிடுகிறேன். விசாரணைக்கு எதைக் கொடுப்பது என்று அவள் முடிவு செய்யட்டும். மார்ச் 16-ஐ எடுத்துவிட வேண்டாம்.

தரையை உடைக்க வேண்டும். இரண்டடி கனம், உள்ளே தண்டவாளம். லேசில் உடையாது, போட்டவனுக்குத் தெரியும். கூலி ஆள் வைக்கக் கூடாது. பிலவேந்திரன் வந்தால் சம்மட்டி அவனுக்கு, உளியைப் பிடிக்க வேண்டியது நான். வராவிட்டால் இரண்டும் நான்.

நாளை காலை ஆறு மணிக்கு. பழைய நேரம்.